துபாய் ஃபிளாட்: இந்த ஏஜென்ட் யார் பக்கம்?

வணக்கம், தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஷார்ஜாவில் வேலை செய்யும் மச்சான் பேச்சைக் கேட்டு, துபாயில் ஒரு சின்ன ஃபிளாட் பார்க்கிறோம். கட்டடம் இன்னும் பாதியில்தான் இருக்கிறது.

போன ஞாயிறு ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார். "உங்ககிட்ட கமிஷன் ஒரு பைசா வேணாம் சார், பில்டர் கொடுத்துடுவாரு" என்றார். எனக்கு உறுத்துவதே அதுதான். நம்ம ஏரியா புரோக்கர் மஞ்சள் பையில் வில்லங்கச் சான்றோடு வருவார், பத்திரம் பதிந்த அன்று நம்மிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு போவார். பில்டரிடம் காசு வாங்குகிறவர் எனக்காக விலை குறைத்துப் பேசுவாரா?

டோக்கன் பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார். கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கான பணம் அந்தத் திட்டத்தின் எஸ்க்ரோ கணக்குக்குத்தான் (பில்டர் இஷ்டத்துக்கு எடுக்க முடியாத தனி வங்கிக் கணக்கு) போக வேண்டும் என்பது அங்கே சட்டம். 4 சதவீதப் பதிவுக் கட்டணம், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு நம்ம வங்கி முன்கூட்டியே பிடிக்கும் 20 சதவீத வரியான டிசிஎஸ், இதைப் பற்றியெல்லாம் வாயே திறக்கவில்லை. (டிசிஎஸ்ஸை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், சரி. ஆனால் முதலில் போவது என் கையிலிருந்துதானே!)

இங்கிருந்தபடியே துபாயில் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஏஜென்டின் ரேரா (துபாய் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அமைப்பு) புரோக்கர் எண்ணை எப்படிச் சரிபார்த்தீர்கள்? தனியாக வக்கீல் வைத்தீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.