திருட்டுப் பிரதியும் வாட்டர்மார்க்கும்: உங்கள் அனுபவம் என்ன?

அரங்க மேலாளர்:
படம் வெளியான இரவே இணையத்தில் வந்துவிட்டது. திங்கள்கிழமை தயாரிப்பாளர் தரப்பிலிருந்து அழைப்பு: "உங்கள் இரண்டாவது திரை, காலைக் காட்சி." அந்தப் பிரதியை நானும் பார்த்தேன். கைப்பேசியில் எடுத்தது. திரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடைந்திருக்கின்றன, நடுவில் யாரோ எழுந்து போகும் தலை வேறு. அதற்குள்ளிருந்து வாட்டர்மார்க்கை, அதாவது படத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும் அடையாளக் குறியை, அதன் 35 பிட்டும் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) முழுதாக எடுத்துவிட்டார்கள்! 19 பிட் எங்கள் திரையின் அடையாளம், 16 பிட் நேரம். அந்த நேரமும் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மாறும். எடுத்தவன் யார் என்று அது சொல்லாது. ஆனாலும் அன்று பணியில் இருந்த ஆபரேட்டரை முதலாளி வேலையை விட்டே அனுப்பிவிட்டார். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

குறிமுறையாளன்:
மேலாளர் ஐயா, அனுப்பியது முதலாளி. வாட்டர்மார்க் மீது கோபப்படுவதில் நியாயமில்லை. அந்த 35 பிட் பிழைத்ததே பெரிய காரியம். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வாட்டர்மார்க் மென்பொருள் விற்பனையாளர் செயல்விளக்கம் காட்ட வந்தார். நொடிக்கு 8 மெகாபிட் தரக் கோப்பில் குறியை நொடியில் படித்துக் காட்டினார். அதையே எச்.264 என்ற வீடியோச் சுருக்கு முறையில் நொடிக்கு 600 கிலோபிட்டுக்கு இறுக்கி, ஓரங்களை வெட்டிக் கொடுத்தோம். மென்பொருள் வெகுநேரம் தேடிவிட்டு "குறி இல்லை" என்றது. அறையில் யாரும் பேசவில்லை. குறியை நுண்ணிய விவரங்களில் வைத்திருந்தார்கள். சுருக்கும்போது குவாண்டைசேஷன் (மதிப்புகளைத் தோராயமாக்கும் படி) முதலில் பூஜ்யமாக்குவது அவற்றைத்தான். கண்ணுக்கு முக்கியமான பகுதியிலேயே குறியை வைக்க வேண்டும் என்று வாட்டர்மார்க் ஆய்வாளர் காக்ஸ் குழுவினர் 1997-லேயே எழுதிவிட்டார்கள்.

ஓடிடி பொறியாளர்:
இருவரும் சொல்வது சரியே. எங்களிடம் ஒவ்வொரு வீடியோத் துண்டுக்கும் வெவ்வேறு குறி பதிந்த இரண்டு வடிவங்கள் உண்டு. எந்தத் துண்டுக்கு எது என்ற வரிசைதான் சந்தாதாரரைக் காட்டும். ஒருமுறை சிக்கிய பிரதியில் வரிசை பாதி ஒருவருடையது, மீதி இன்னொருவருடையது. இருவர் கூட்டுச் சேர்ந்து கலந்திருந்தார்கள். 2003-இல் டார்டோஸ் என்ற கணிதவியலாளர் வகுத்த குறிமுறை இப்படிக் கலப்பவர்களைப் பிடிப்பதற்காகவே இருப்பதால் இருவருமே அகப்பட்டார்கள்.

மேலாளர் ஐயாவுக்கு ஒன்று சொல்கிறேன். திரை சாய்ந்திருக்கிறது என்றீர்களே, அந்தச் சாய்வே சாட்சி. நேராகப் பதிந்த குறி பிரதியில் எப்படிக் கோணியிருக்கிறது என்று அளந்தால், கேமரா எந்த இருக்கைப் பக்கத்தில் இருந்தது என்று ஏறக்குறையக் கணிக்கலாம். புரொஜக்டர் அறையிலிருந்து எடுத்திருந்தால் கோணம் வேறாகத்தான் இருக்கும். அந்த ஆய்வைக் கேளுங்கள். எத்தனை நிமிடப் பிரதியில் படித்தார்கள் என்றும் கேளுங்கள். டிஜிட்டல் சினிமா விதிப்படி ஒவ்வொரு 5 நிமிடத் துண்டிலும் 35 பிட்டும் பதிந்திருக்க வேண்டும்; உறுதியாக அடையாளம் காண 30 நிமிடப் பிரதி வரை எடுத்துக்கொள்ளலாம். முழுப் படத்திலும் திரும்பத் திரும்ப ஒரே விடை வந்ததா என்பது முக்கியம். அந்தக் காட்சியின் டிக்கெட் பதிவையும் சிசிடிவி காட்சியையும் தனியாக எடுத்து வையுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிட்டால் அந்த ஆபரேட்டருக்காகப் பேச உங்களிடம் எதுவும் இருக்காது.