தாத்தாவின் வயலின்: சரிசெய்வதா, விற்பதா?

பரண்பெட்டி:
தாத்தா வாசித்த வயலின் 26 வருடமாக அம்மாவின் பீரோ மேல் படுத்திருந்தது. போன வாரம்தான் இறக்கினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது.

மேற்பலகையின் கீழ் ஓரத்தில் ஒட்டு விட்டிருக்கிறது, நகம் நுழையும். தந்தியை முறுக்கும் பிரடைகளில் இரண்டு நிற்காமல் வழுக்குகின்றன. விரல் பலகையில் தாத்தாவின் விரல் ஓடிய இடமெல்லாம் குழி. வில்லில் பாதி முடி இல்லை. உள்ளே ‘அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ்’ என்று ஒரு சீட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் ‘ஜெர்மனி’. அதைப் பார்த்ததிலிருந்து தம்பி கோடீஸ்வரன் மாதிரி நடக்கிறான், உடனே விற்கச் சொல்கிறான். அம்மாவோ பாலிஷ் போட்டுப் புதுசாக்கி வை என்கிறார்.

பெட்டியில் வில்லுக்குத் தேய்க்கும் ரோஸினோடு ஒரு சின்னக் குச்சியும் கிடந்தது, பென்சிலைவிட மெலிசு. உடைந்த பிரடை என்று நினைத்து எறியப் பார்த்தேன். தந்திகளை முறுக்கி மீட்டியும் பார்த்தேன். தகரம் தட்டின மாதிரி இருந்தது. என்ன செய்யலாம்?

மரத்தூள்:
முதலில் போய்த் தந்திகளைத் தளர்த்திவிட்டு வாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

அந்தக் குச்சிதான் சவுண்ட் போஸ்ட். தந்திகளைத் தாங்கி நிற்கும் கட்டைக்குக் குதிரை என்று பெயர்; அதன் வலது காலுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு பலகைகளுக்கும் நடுவே நிற்க வேண்டியது. அதை ஒட்டுவதில்லை, இறுக்கத்திலேயே நிற்கும். இத்தாலிய மொழியில் அதற்கு ‘ஆன்மா’ என்றே பெயர். நான்கு தந்திகளும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் இழுக்கும். அது நிற்காத நிலையில் முறுக்கினால் மேற்பலகை அமுங்கி வெடிக்கலாம். எறியாமல் விட்டீர்களே!

ஸ்ட்ராடிவாரி பேர்போன வயலின்களைச் செய்த இத்தாலிக்காரர், 1737இல் இறந்தவர். அவர் பெயர் போட்ட சீட்டைப் பிற்காலத்துப் பட்டறைகள் மூட்டை மூட்டையாக வயலின்களில் ஒட்டின. செய்த நாட்டின் பெயரைப் பொருளில் குறிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சுங்கச் சட்டம் கொண்டுவந்தது. ‘ஜெர்மனி’ என்று அச்சிட்ட சீட்டு பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. தம்பி சாதாரணமாகவே நடக்கலாம்.

ஒட்டு விட்டதற்குக் கவலை வேண்டாம். மரம் வெடிக்கும் முன் ஒட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்றுதான் வச்சிரப் பசையால் ஒட்டுகிறார்கள். சின்ன வேலை, ஆனால் சூப்பர் குளூவை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பாலிஷும் வேண்டாம். பழைய வார்னிஷைச் சுரண்டினால் மதிப்புதான் போகும்.

சவுண்ட் போஸ்ட் நிற்கிற இடத்தில் அடிப்பலகையில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரிய வேலை, சரிசெய்த பிறகும் மதிப்பு வெகுவாக இறங்கிவிடும். இல்லையென்றால் சரிசெய்யத் தகுந்த வயலின்தான். யார் வாசிக்கப் போகிறார்கள்?

நாலாம்தந்தி:
நான் விற்றவன். அத்தையின் வயலினைச் செலவழித்துச் சரிசெய்து விற்றேன், போட்ட காசு திரும்பவில்லை. வாங்கியவர் முதல் வேலையாக நான் போட்ட புதுக் குதிரையையும் தந்திகளையும் கழற்றிவிட்டு அவருக்குப் பிடித்ததைப் போட்டுக்கொண்டார். விற்பதானால் உள்ளபடியே விற்றுவிடுங்கள்.

வில்லைத் தனியாகக் காட்டுங்கள். முடி போனது பூச்சியின் வேலையாக இருக்கும், புதுசு கட்டிக்கொள்ளலாம். ஆனால் கைப்பிடிக்கு மேலே குச்சியில் முத்திரை ஏதாவது தெரிகிறதா? வயலினைவிட வில் விலை போவதும் உண்டு. நான் பார்க்காமலே சேர்த்துக் கொடுத்துவிட்டேன், இன்னும் உறுத்துகிறது.

பரண்பெட்டி:
தளர்த்திவிட்டேன். வில்லில் முத்திரை எதுவும் இல்லை. வாசிக்கப் போவது அக்கா மகள், 9 வயது, ஆசையாகக் கேட்கிறாள்.

மரத்தூள்:
உங்களுடையது முழு அளவு என்றால் உடல் மட்டும் 35.5 செ.மீ. இருக்கும். அவள் கைக்குப் பெரிசு. பாதி அளவிலோ முக்கால் அளவிலோ ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கற்கட்டும். அதற்குள் இதைச் சரிசெய்து வையுங்கள்.

பரண்பெட்டி:
பழுதுபார்ப்பவர் பல்வைத்தியர் கண்ணாடி மாதிரி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். அடிப்பலகையில் வெடிப்பு இல்லை. ஒட்டு, சவுண்ட் போஸ்ட், பிரடை, வில்லுக்கு முடி, இவ்வளவுதான் வேலை. தம்பியும் இறங்கி வந்துவிட்டான்.

ஒரே சிக்கல், விரல் பலகையின் குழிகள். சீவிச் சமப்படுத்தாவிட்டால் தந்தி இரையும் என்கிறார். தாத்தாவின் விரல் பதிந்த இடம் அது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.