17 வயசுப் பொண்ணு கர்ப்பமா வந்தா ஆஸ்பத்திரி போலீஸுக்குச் சொல்லியே ஆகணுமா?

செங்காந்தள் (இழையைத் தொடங்கியவர்)

பிள்ளைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து பாதுகாக்கற போக்சோ சட்டத்தோட 19ஆவது பிரிவு பத்திதான் கேள்வி. 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்ச யாரும் போலீஸுக்குத் தகவல் சொல்லணும். சொல்லலைன்னா 21ஆவது பிரிவுல 6 மாசம் வரை சிறை. நிறுவனப் பொறுப்புல இருக்கறவங்களுக்கு ஒரு வருஷம் வரை. 2012 நவம்பர் 14ல இருந்து இதுதான் நடைமுறை.

இந்தப் பிரிவு 16, 17 வயசுப் பொண்ணுங்களை ஆஸ்பத்திரிப் பக்கமே வர விடாம அடிக்குது. எப்படின்னு பாருங்க. கர்ப்பப் பதிவுக்குக் கிராம சுகாதார செவிலியர் ஆதார் கேக்கறாங்க. பிறந்த தேதியைப் பார்த்தா 17 வயசு. அவங்க மேலதிகாரிக்குச் சொல்லித்தான் ஆகணும். மறுநாள் ஜீப் வந்து நிக்குது. தெரு முழுக்கப் பார்க்குது. அதே தெருவுல அதே நிலைமையில இருக்கற அடுத்த பொண்ணு பதிவுக்கே வராது.

அந்தப் பொண்ணு எங்க போகும்? மருந்துக்கடையில கேட்டா சீட்டு இல்லாமலே கருக்கலைப்பு மாத்திரை கிடைக்குது. அந்த மாத்திரை 9 வாரத்துக்குள்ள, டாக்டர் மேற்பார்வையில குடுக்க வேண்டியது. தேதியைச் சரியா எண்ணத் தெரியாத பொண்ணு 14, 15 வாரத்துல போட்டா பாதி வெளிய வந்து பாதி உள்ள தங்கும், விடாம ரத்தம் போகும், கிருமி ஏறும். கரு குழாய்ல தங்கியிருந்தா ஸ்கேன் பார்க்காம யாருக்கும் தெரியாது, வெடிச்சா உயிருக்கே ஆபத்து. கலைக்காம மறைச்சு வெச்ச பொண்ணு எட்டாவது மாசத்துல வலிப்போட வருது. மாசாமாசம் பிரஷர் பார்த்திருந்தா, 140க்கு 90ஐத் தொட்ட அன்னைக்கே பிடிச்சிருக்கலாம். ஹீமோகுளோபின் 7க்குக் கீழ போறவரைக்கும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கூட அந்தப் பிள்ளை வாயில போயிருக்காது.

16 வயசுக்கு மேல, வயசு வித்தியாசம் கம்மி, பொண்ணே விருப்பத்தோடன்னு சொல்லுது அப்படின்னா கட்டாயத் தகவல்ல விலக்கு குடுக்கணும்.

வைகைக்கரை

"பொண்ணே விருப்பத்தோடன்னு சொல்லுது" என்கிறீர்கள். யாரிடம் சொல்கிறாள்? வெளிநோயாளிப் பிரிவில், நூறு பேர் வரிசையில் நிற்க, பக்கத்தில் அம்மாவோ சித்தப்பாவோ நிற்க, ஐந்து நிமிடத்தில். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுதோறும் போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவர். வீட்டுக்குள் இருக்கும் ஆளைக் காப்பாற்ற "ஒரு பையனை லவ் பண்ணேன், அவன் ஊரைவிட்டுப் போயிட்டான்" என்று பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து அழைத்து வருவது மிகப் பழைய உத்தி. உங்கள் விலக்கு வந்தால் முதலில் பயன்படுத்தப்போவது அந்த ஆள்தான்.

சந்திரபூர் வழக்கைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் பழங்குடிச் சிறுமிகள் தங்கிய பள்ளி விடுதி. அவர்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் தகவல் தரவில்லை என்று வழக்கு. உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்தது. 2022 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், குற்றவாளிக்குக் கவசம் ஆகிவிடும் என்பது நீதிமன்றத்தின் நிலை. விடுதிப் பிள்ளைகளுக்கு வெளியுலகம் என்றால் அந்த டாக்டர் ஒருவர்தான். அவரும் வாயை மூடினால்?

மருத்துவர் நீதிபதி ஆக வேண்டாம். தகவல் சொன்னால் போதும். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு வராது என்று 19(7) பாதுகாப்பும் தருகிறது.

நெல்லைச்சீமை

வைகைக்கரை சார், சொன்னா போதும்ங்கிய. சொன்ன பிறகு என்ன ஆகுதுன்னு கணக்குப் போடுங்க. 5ஆவது பிரிவுல, குழந்தையைக் கர்ப்பமாக்கினா அது கடுமைப்படுத்தப்பட்ட குற்றம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் அதுக்குக் குறைஞ்சபட்சத் தண்டனை 20 வருஷம். 19 வயசுப் பையன், 17 வயசுப் பொண்ணு, ரெண்டு பேரும் ஓடிப்போய் கோயில்ல தாலி கட்டினாங்க, பொண்ணு உண்டாயிருக்கு. குற்றம் நிரூபணமானா நீதிபதி நினைச்சாலும் 20க்குக் கீழ இறங்க முடியாது. சட்டம் இடம் விடலை.

அதனால கோர்ட்டுல பொண்ணு பிறழ் சாட்சி ஆயிருது. கைக்குழந்தையோட வந்து "எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல"ன்னு நிக்குது. இதுல சாதி வேற. பையன் வேற சாதின்னா பொண்ணு வீட்டுக்காரங்க கையில போக்சோவை ஆயுதமா எடுக்காங்க. சொந்த அத்தை மகன்னா அதே வீடு வளைகாப்பு நடத்தும்.

சென்னை உயர் நீதிமன்றம் 2021ல விஜயலட்சுமி வழக்குல, வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிக்கறதுக்கு இந்தச் சட்டம் வரலைன்னு சொல்லி வழக்கையே ரத்து பண்ணுச்சு. 2022 டிசம்பர்ல தமிழ்நாடு டிஜிபி சுற்றறிக்கை விட்டாரு: காதல் விவகார போக்சோ வழக்குல அவசரப்பட்டுக் கைது வேண்டாம், நோட்டீஸ் குடுத்து விசாரிங்கன்னு. அதிகாரிகளே ஒத்துக்கிட்ட சிக்கல் இது.

வைகைக்கரை

நண்பரே, நீங்கள் சொல்வது தண்டனைப் பிரிவின் கோளாறு. அதை வைத்துத் தகவல் சொல்லும் பிரிவை உடைக்காதீர்கள். 2023இல் சட்ட ஆணையத்தின் 283ஆவது அறிக்கையும் இந்த வழியில்தான் போனது: சம்மத வயதை 18இலிருந்து இறக்க வேண்டாம், 16 முதல் 18 வரையுள்ளவர் மறுப்பில்லாமல் இருந்த வழக்குகளில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு வழிகாட்டுதலோடு கூடிய அதிகாரம் கொடுங்கள் என்று. அந்த 20 ஆண்டுக் கட்டாயத்தைத் தளர்த்த வேண்டும் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கல்யாணம் ஆகிவிட்டது என்பதும் விலக்கு ஆகாது. உச்ச நீதிமன்றத்தின் 2017 அக்டோபர் 11 தீர்ப்புக்குப் பிறகு 18 வயது நிரம்பாத மனைவியோடு உறவு கொள்வதும் வன்புணர்ச்சிதான்.

தாழம்பூ

ரெண்டு பக்கமும் சட்டப் பிரிவிலேயே நிற்கிறீர்கள். பெண் பாதிக்கப்படுவது முதல் 24 மணி நேரத்தில், பிரிவில் எழுதியிருப்பதை ஆட்கள் செய்யாமல் விடுவதால். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் வைத்தியம். "போலீஸ் மெமோ இருந்தால்தான் பார்ப்போம்" என்று உட்கார வைப்பது தவறு. போக்சோ விதிகள் 2020படி அவசர சிகிச்சைக்கு எந்தக் காகிதமும் முன்நிபந்தனையாகக் கேட்கக் கூடாது. எஃப்.ஐ.ஆர் போடும் முன்பே மருத்துவப் பரிசோதனை செய்யலாம் என்று 27ஆவது பிரிவு சொல்கிறது. பெண் பிள்ளை என்றால் பெண் மருத்துவர், கூடவே பெற்றோர் அல்லது பிள்ளை நம்பும் ஒருவர். சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் கருத்தடை மாத்திரையும், எச்.ஐ.வி தடுப்பு மருந்தும் ஆரம்பிக்க வேண்டும். பின்னது 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டியது. கையெழுத்துக்காகக் காத்திருந்து ஒரு இரவு போனால் அந்த 72இல் 12 மணி நேரம் போய்விட்டது. துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் பூஞ்சை பிடித்துத் தடயம் கெடும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை கூடவே கூடாது. 2022 அக்டோபர் 31இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதைச் செய்பவர் நடத்தை விதிகளை மீறியவர் ஆவார் என்று.

கருக்கலைப்பு நடந்தால் அந்தத் திசுதான் டிஎன்ஏவுக்கு ஆதாரம். இங்கேதான் அடிக்கடி கெடுகிறது. பழக்கதோஷத்தில் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுகிறார்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும். நார்மல் சலைனில் வைத்து, ஐஸ் பெட்டியில், சீல் போட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஒரு பாட்டில் மாறினால் தந்தை யார் என்பதற்கு இருந்த சாட்சியே போச்சு. அப்புறம் முழுச் சுமையும் பிள்ளையின் வாய்மொழி மேல் விழுகிறது.

அடுத்து போலீஸ். செங்காந்தள் சொன்ன ஜீப், சட்டத்தின் எழுத்துக்கே விரோதம். 24ஆவது பிரிவுப்படி வாக்குமூலம் வாங்குபவர் இயன்றவரை எஸ்.ஐ.க்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், பிள்ளையின் வீட்டில் அல்லது பிள்ளை விரும்பும் இடத்தில். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. மகளிர் காவல் நிலைய வாசல் பெஞ்சில் ராத்திரி பத்து மணிவரை உட்கார வைத்த பெண், வீடு போய்ச் சேருவதற்குள் கதை ஊர் முழுக்கப் போயிருக்கும்.

பிறகு, பிள்ளையின் பாதுகாப்பை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு. போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். தகவல் வேறு, பிள்ளையை நேரில் கொண்டுபோய் நிறுத்துவது வேறு. குற்றவாளி அதே வீட்டில் இருந்தாலோ, பிள்ளை பெற்றோர் ஆதரவின்றிக் காப்பகத்தில் இருந்தாலோ, வீடும் ஆதரவும் இல்லாமல் இருந்தாலோதான் 24 மணி நேரத்துக்குள் நேரில் ஆஜர். நடப்பில் எல்லாப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், அங்கிருந்து காப்பகம். வீட்டைவிட்டு எடுக்க வேண்டுமா என்று குழு 3 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தில் காப்பகம் கடைசி வழி. முதல் வழியாக ஆக்கியதால்தான் பெண்கள் குழந்தைகள் உதவி எண்ணான 1098 என்றாலே பயப்படுகிறார்கள்.

செங்காந்தள்

தாழம்பூ அக்கா, நீங்க எழுதினது அத்தனையும் உண்மை. ஆனா அதுவே என் கட்சிக்குத்தான் பலம். விதி ஒண்ணு, நடப்பு ஒண்ணுன்னு இருக்கும்போது பொண்ணு விதியைப் படிச்சுட்டா வருது? பெஞ்சைப் பார்த்துட்டு ஓடுது.

இன்னொண்ணு. 2022 செப்டம்பர் 29ல உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வர்ற 18க்குக் கீழ உள்ள பொண்ணும் அவ காப்பாளரும் கேட்டுக்கிட்டா, டாக்டர் போலீஸுக்குக் குடுக்கற தகவல்ல அவ பேரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டாம்னு தீர்ப்பு குடுத்தது. தகவல் போகும், பேர் போகாது. இதை நீதிமன்றமே ஏத்துக்கிச்சுன்னா, என்னை ஏன் குற்றவாளிக்குக் கதவு திறக்கறவ மாதிரி பேசறீங்க? ஆனா இது கருக்கலைப்புக்கு மட்டும்தான். குழந்தையைப் பெத்துக்கறேன்னு சொல்ற பொண்ணுக்கு இந்தத் திரை கிடையாது. பிரசவம்வரை பத்துத் தடவை செக்கப்புக்கு வர வேண்டியவ அவதானே.

வாரக் கணக்கையும் பாருங்க. 20 வாரம்வரை ஒரு டாக்டர் போதும். 20ல இருந்து 24வரை ரெண்டு டாக்டர். 24 தாண்டினா உயர் நீதிமன்றப் படி ஏறணும். போலீஸுக்குப் பயந்து மூணு வாரம் ஒளிஞ்சா 22ல முடிஞ்சிருக்க வேண்டியது 25 ஆயிருது.

வைகைக்கரை

அந்தத் தீர்ப்பை நான் மறுக்கவில்லை. பெயரில்லாத் தகவலை வைத்து என்ன விசாரிப்பது என்பது என் கவலை. 13 வயதுப் பிள்ளைக்கும் இதே திரை கிடைக்கும், பிள்ளையும் காப்பாளரும் கேட்டால் போதும். அந்தக் காப்பாளரே குற்றவாளியாக இருந்தால்? மருத்துவர் பிள்ளையைத் தனியாக வைத்துப் பேசியிருந்தால் ஒழிய அந்தக் கோரிக்கை யாருடையது என்று தெரியாது. குறைந்தபட்சம் இதையாவது கட்டாயமாக்குங்கள்: கூட வந்தவரை வெளியே நிறுத்தி, பெண் மருத்துவரோ ஆலோசகரோ பிள்ளையோடு தனியாகப் பேசி, பேசினதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அது இருந்தால், 16க்கு மேல், குழந்தையைப் பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்ணுக்கும் பெயரில்லாத் தகவலை நீட்டலாம் என்பதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. 16க்குக் கீழ் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

தாழம்பூ

இதில் பல பெண்கள் கர்ப்பமாகும் முன்பே நம் கண்ணில் பட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது. தேசிய குடும்பநல ஆய்வு (2019–21) கணக்குப்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18க்கு முன் கல்யாணம் ஆனவர்கள். இந்தியா முழுக்க 23.3. தர்மபுரி, சேலம், கிருஷ்ணகிரிப் பக்கம் இது புதுசில்லை. பத்தாவது பரீட்சை முடிந்து பிள்ளை திரும்பி வரவில்லை என்றால் வகுப்பாசிரியருக்குத் தெரியும். பத்திரிகை அடித்தாலும் அடிக்காவிட்டாலும் பந்தல்காரருக்குத் தெரியும்.

அப்போது 1098க்கு ஒரு போன் போதும். பிள்ளையின் பெயர், அப்பா பெயர், ஊர், பள்ளி, கல்யாணத் தேதி, இடம். மாவட்ட சமூகநல அலுவலர்தான் இங்கே குழந்தைத் திருமணத் தடுப்பு அதிகாரி. பெற்றோரிடம் "18 ஆகும்வரை செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த எழுத்துக்குப் பல் கிடையாது. அடுத்த முகூர்த்தத்தில் வேறு ஊர்க் கோயிலில் விடியற்காலை நாலு மணிக்கு முடித்துவிடுவார்கள். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13ஆவது பிரிவில் குற்றவியல் நடுவரிடம் தடையாணை வாங்க வேண்டும். அதை மீறி நடக்கும் கல்யாணம் 14ஆவது பிரிவில் செல்லவே செல்லாது. தடையாணை இல்லாமல் நடந்தால், பொதுவாக, பிள்ளையே மனுப் போட்டு ரத்து செய்தால்தான் உண்டு. பெண்ணுக்கு அதற்கான காலம் 20 வயது நிரம்பும்வரை. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

நெல்லைச்சீமை

ஒரு சந்தேகம். கருக்கலைப்புக்குக் காப்பாளர் எழுத்துச் சம்மதம் வேணும்லா? அப்பாவே காரணம், அம்மா அவருக்குப் பயந்து கையெழுத்துப் போட மாட்டேங்கு. அப்போ?

தாழம்பூ

1971 கருக்கலைப்புச் சட்டத்தில் காப்பாளர் என்றால் பிள்ளையைப் பராமரிப்பவர் என்றுதான் பொருள், பெற்றோர் என்று இல்லை. அந்த நிலைமையில் வீட்டுக்குள்ளேயே குற்றவாளி, ஆகவே 24 மணி நேரத்துக்குள் நலக் குழு முன்னால் ஆஜர். குழு பிள்ளையைப் பாட்டியிடமோ இல்லத்திலோ ஒப்படைத்த பிறகு, பராமரிப்பவர் கையெழுத்துப் போடலாம். ஆனால் முதலில் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு எழுத வேண்டும். உணவு, துணி, பயணச் செலவுக்குப் போக்சோ விதிகளின் விதி 8இல் உடனடிப் பணம் கேட்டு அன்றைக்கே குழுவிடம் எழுதிக்கொடுங்கள். குழு பரிந்துரைத்த ஒரு வாரத்துக்குள் தர வேண்டிய பணம் அது. கேட்காவிட்டால் யாரும் தானாக நினைவுபடுத்த மாட்டார்கள். துணை நபர் ஒருவரையும் அன்றைக்கே கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் வழக்கு முடியும்வரை கூட வரப்போகிறவர் அவர்தான்.

செங்காந்தள்

வைகைக்கரை சார் சொன்ன தனி அறைக்கு நான் சம்மதம். ஆரம்ப சுகாதார நிலையத்துல அந்த அறையை எங்க ஒதுக்கறது, ராத்திரி ஷிஃப்ட்ல ஆலோசகர் யாரு, இதை முதல்ல பேசுவோம். 16 வயசு விலக்கு விஷயத்துல நான் இறங்கி வரலை. அதையும் எழுதி வெச்சுக்கோங்க.