தண்ணீர் போன வழியில் இத்தாலி: எங்கள் படிப்புப் பயண அனுபவங்கள்

மதுரை மாணவி

மிலானில் கட்டடக்கலையும் சிவிலும் படிக்கிற தமிழ் மாணவர்கள் நாங்கள். வகுப்போடு வெனிஸில் தொடங்கி பலேர்மோ வரை போய் வந்தோம். கிளம்பும் முன் பேராசிரியர் ஒரே வேலைதான் கொடுத்தார்: எந்த ஊரில் இறங்கினாலும், அந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, மழை பெய்தால் எங்கே போகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தேவாலயம், ஓவியம் எல்லாம் அப்புறம். அடுத்து போகப்போகிறவர்களுக்காக ஆளுக்கு ஓர் ஊரை எழுதுகிறோம்.

வெனிஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். கடலுக்கு நடுவில் இருக்கிற ஊருக்குக் குடிதண்ணீர் ஏது? 1884-ல் நிலப்பக்கத்திலிருந்து குழாய் வரும்வரை அந்த ஊர் பெரும்பாலும் மழைநீரை நம்பியே வாழ்ந்தது. திரும்பிய பக்கமெல்லாம் சதுக்கத்தின் நடுவே கல்லில் செதுக்கிய கிணற்று வாய் ஒன்று, மேலே இரும்பு மூடியோடு நிற்கும். வருகிறவர்கள் அதன்மேல் பையை வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியது கீழே இருக்கிறது. கிணற்றைச் சுற்றித் தரையில் துளையிட்ட வெள்ளைக் கற்கள் பதித்திருக்கும். நாங்கள் ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். தரை முழுக்க அந்தத் துளைகளை நோக்கியே வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். சதுக்கத்துக்கு அடியில் களிமண் பூசிய பெரிய குழி, குழி நிறைய மணல், நடுவில் செங்கல் உறை. துளை வழியாக இறங்குகிற மழை மணலில் வடிந்து உறைக்குள் ஊறும். உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் களிமண் தடுக்கும். ஆக, கிணறு என்பது நாம் பார்க்கிற அந்த வாய் மட்டுமில்லை, சதுக்கம் மொத்தமும்தான் கிணறு.

நாங்கள் முட்டி போட்டு அளந்துகொண்டிருந்ததை மாடி ஜன்னலிலிருந்து ஒரு பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ தொலைத்துவிட்டோம் என்று நினைத்து இறங்கி வந்தவர், விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்குள் போய்த் துடைப்பம் எடுத்து வந்து, துளைக்கல்லை மூடியிருந்த சருகையெல்லாம் தானே கூட்டித் தள்ளினார். "இப்போது நன்றாகத் தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் வரைந்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

கோவை மாணவர்

பொலோனியாவுக்கு ஒரு நாள்தான் கிடைத்தது, அதனால் சுருக்கமாகவே எழுதுகிறேன். அன்று நல்ல மழை. ஆனாலும் குடையை விரிக்கவே இல்லை. வீடுகளின் மேல்தளம் தெருப்பக்கம் நீண்டு, கீழே தூண் வரிசையோடு நடைபாதை ஓடுகிறது. நகரம் முழுக்கச் சேர்த்தால் 62 கிலோமீட்டர். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வீடு கட்டினால் இந்த நடைபாதையும் கட்ட வேண்டும் என்று 1288-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். நடைபாதை இருக்கும் இடம் வீட்டுக்காரருக்குச் சொந்தம், நடக்கும் உரிமை ஊருக்கு. நான் பார்த்த ஊர்களிலேயே நடந்து போகிறவரை இவ்வளவு மதிக்கிற ஊர் இதுதான்.

பியெல்லா தெருவில் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், திறந்து பாருங்கள். வீடுகளின் பின்சுவருக்கு நடுவே வாய்க்கால் ஓடுகிறது. பட்டு ஆலைகளும் மாவு ஆலைகளும் ஓடியது இப்படிப்பட்ட வாய்க்கால்களில்தான். பெரும்பகுதியை இருபதாம் நூற்றாண்டில் மூடி, மேலே சாலை போட்டுவிட்டார்கள்.

நாகர்கோவில் மாணவி

சியெனாவும் ஓர்வியெத்தோவும் என் பங்கு.

சியெனா குன்றின்மேல் இருக்கிற ஊர், பக்கத்தில் ஆறு கிடையாது. அதனால் மலைக்குள்ளேயே சுமார் 25 கிலோமீட்டருக்குச் சுரங்கம் குடைந்து, கசிகிற நீரைச் சேர்த்து ஊருக்குள் கொண்டுவந்தார்கள். உள்ளூர்ச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் எங்களை உள்ளே அழைத்துப் போனார். ஆள் ஒருவர் நடக்கிற அகலம்தான். தரை நடுவே கையகலத்துக்கு ஒரு சின்ன வாய்க்கால், அதில் தெளிந்த நீர் சத்தமில்லாமல் போகிறது. முதலில் அவர் சொன்னது ஒன்றுதான்: "வாய்க்காலில் மட்டும் கால் வைக்காதீர்கள்." இன்றைக்கு வீட்டுக் குழாய்களுக்கு அந்தத் தண்ணீர் போவதில்லை, ஊரின் பழைய நீரூற்றுகளுக்குத்தான் போகிறது. ஆனாலும் அவர் எப்படி நடந்தார் தெரியுமா? இரண்டு பக்கமும் காலை அகட்டி, ஒரு சொட்டுகூடக் கலங்காமல் நடந்தார். நாங்களும் அப்படியே நடக்கப் பழகிக்கொண்டோம்.

வெளியே வந்து ஃபோன்தேபிராந்தா ஊற்றுக்குப் போங்கள். மூன்று வளைவு, உள்ளே தொட்டி. சியெனாவின் பெரிய ஊற்றுகளில் முதல் தொட்டி குடிப்பதற்கு. அது நிரம்பி வழிவது மாடு குதிரைக்கு. அதுவும் வழிந்தால் துணி துவைக்க. அதையும் தாண்டிப் போனது தோல் பதனிடுகிறவர்களுக்கும் ஆலைகளுக்கும் உதவியது. ஒரே தண்ணீரை வரிசை மாறாமல் இத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்கள். பாதியில் நின்றுபோன பேராலயச் சுவரையும் கட்டாயம் பாருங்கள். 1339-ல் விரிவாக்கத் தொடங்கினார்கள், 1348 கொள்ளைநோய்க்குப் பிறகு எழும்பவில்லை.

ஓர்வியெத்தோவில் செயின்ட் பேட்ரிக் கிணறு. 1527-ல் ரோம் சூறையாடப்பட்ட பிறகு போப் ஏழாம் கிளமென்ட் தப்பி இந்த ஊருக்கு வந்தார். முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற பயத்தில் வெட்டிய கிணறு இது. ஆழம் 50 மீட்டருக்கு மேல். ஒன்றையொன்று தொடாமல் சுற்றுகிற இரண்டு படிவழிகள், ஒவ்வொன்றிலும் 248 படி. கழுதை ஒரு வழியில் இறங்கி, அடியில் பாலத்தைத் தாண்டி, மறுவழியில் ஏறும். எதிரே கழுதை வராது. பேராசிரியர் எங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து அனுப்பினார். இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் கிணற்றுச் சுவர் ஜன்னல்களில் ஒருவரையொருவர் பார்த்துக் கையாட்டினோம், கூப்பிட்டோம். ஓரிடத்தில்கூட நேருக்கு நேர் சந்திக்கவில்லை. வரைபடத்தில் எனக்குப் பிடிபடாத அமைப்பு அங்கே பத்து நிமிஷத்தில் புரிந்தது.

திருச்சி மாணவர்

ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டியதே இல்லை. தெருவோரம் இடுப்புயர இரும்புக் குழாய்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும், நசோனே, அதாவது பெரிய மூக்கு என்பார்கள். ஊர் முழுக்கச் சுமார் 2,500. நான் குனிந்து குடிக்கத் திணறியதைப் பார்த்த காய்கறிக் கடைக்காரர் வந்து, குழாய் மூக்கின் நுனியை விரலால் அடைத்தார். மேலே இருக்கிற சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வாய்க்கு நேராகப் பாய்ந்தது. 2017 வறட்சியில் இவற்றில் பலவற்றை மூடியதையும், கடைக்கு எதிரே இருந்த குழாய் நின்றபோது தெருவே எப்படி வருத்தப்பட்டது என்பதையும் கை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

பேந்தியன் என்கிற பழைய ரோமானியக் கோயிலில் எங்களுக்கு மழை கிடைத்தது. மழை உள்ளே விழாது என்று சில வழிகாட்டிகள் சொல்கிறார்கள். நம்பாதீர்கள், நன்றாகவே விழுகிறது. 43 மீட்டர் குவிமாடத்தின் உச்சியில் திறந்த வட்டம். அதிலிருந்து ஒரு தூணாக மழை இறங்கியது. காவலர்கள் நடுவில் கயிறு கட்டினார்கள். பளிங்குத் தரை நடுவில் லேசாக மேடு, தரையில் துளைகள். விழுந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது. இரண்டாம் நூற்றாண்டு வடிகால் இன்றைக்கும் வேலை செய்கிறது!

ஸ்பானியப் படிகளுக்குக் கீழே இருக்கிற படகு நீரூற்றையும் பாருங்கள். அந்த இடத்தில் விர்கோ கால்வாய்க்கு அழுத்தம் குறைவு, தண்ணீரை உயரத் தூக்க முடியாது. அதனால்தான் சிற்பி பியெத்ரோ பெர்னினி பாதி மூழ்கிய படகாகவே தாழ்த்தி வடித்தார். ரோமானியத் தளபதி அக்ரிப்பா கி.மு. 19-ல் கொண்டுவந்த கால்வாய் அது. அதன் முடிவில்தான் ட்ரெவி நீரூற்று நிற்கிறது.

வழியில் தேவைப்படுகிற சில: உள்ளூர் ரயிலுக்குக் காகிதச் சீட்டு என்றால் ஏறுமுன் மேடையில் இருக்கிற இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். சின்ன ஊர்த் தேவாலயங்கள் மதியம் மூடிவிடும், தோள் மூடிய உடை வேண்டும். காபியை நின்றுகொண்டு குடித்தால் விலை குறைவு.

சென்னை மாணவி

பலேர்மோவில் பெல்லெக்ரினோ மலை மேல் புனித ரொசாலியாவின் குகைக் கோயில். 1624 கொள்ளைநோயின்போது அவருடைய எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுபோனதால் ஊர் பிழைத்தது என்று நம்புகிறார்கள். குகைக் கூரையில் எப்போதும் தண்ணீர் சொட்டுகிறது. அது ஆட்கள் மேல் விழாமல் உலோகத் தகடுகளை வளைத்து வளைத்துத் தொங்கவிட்டு, சொட்டு முழுவதையும் பிடித்து ஓரமாகக் கொண்டுபோகிறார்கள். அதை வரைந்துகொண்டிருந்தேன்.

"பிள்ளையள் எங்கயிருந்து வாறியள்?" என்று பின்னாலிருந்து தமிழ் கேட்டது. நெற்றியில் குங்குமம் வைத்த ஓர் அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். பலேர்மோவில் ஈழத் தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள், இந்துக்களும் இங்கே வருகிறார்கள் என்று படித்திருந்தேன். நேரில் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. "ஊரில நல்லூர்க் கோயிலுக்குப் போற மாதிரித்தான் இஞ்ச ரொசாலியா அம்மாவிட்ட வாறனாங்கள்" என்றார். என் நோட்டில் நான் வரைந்த தகடுகளைப் பார்த்துவிட்டு, "பீலியைக் கீறுறியளோ? வடிவா இருக்கு. இந்தத் தண்ணியைக் கொஞ்சம் தலையில தெளியுங்கோ, படிப்பு நல்லா வரும்" என்று தானே தெளித்துவிட்டார். கிளம்பும்போது பையிலிருந்து கச்சான் (வேர்க்கடலை) பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார்.

அவர் சொன்னது: ஞாயிற்றுக்கிழமை போனால் நிறையத் தமிழ் முகங்களைப் பார்க்கலாம். செப்டம்பர் 4 திருநாளுக்கு ஊரே மலையேறும், கூட்டம் தாங்காது. ஊருக்கு அடியில் பாறையில் குடைந்த கனாத் சுரங்கங்களும் உண்டு, அரபுக் காலத்து நீர்வழி முறை. தலைக்கவசம் கொடுத்து உள்ளே அழைத்துப் போவார்கள், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.