ஜெய்லானி மலைக்கு உம்மாவைக் கூட்டிப்போகலாமா?

சாய்ந்தமருது மகள்:
அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு 74 வயது. போன கிழமை சுபஹு தொழுதுவிட்டு வந்து, "மௌத்தாக முதல் ஒருதரம் ஜெய்லானிக்குப் போகணும் மகள்" என்றார். பலாங்கொடைப் பக்கத்து ஜெய்லானி மலைப் பள்ளிவாசலைத்தான் சொல்கிறார். 1978இல் வாப்பாவோடு அங்கே நடக்கும் கந்தூரி விழாவுக்குப் போயிருக்கிறார். பிள்ளை கிடைத்தால் அங்கே கூட்டிவருவதாக நேர்ந்துகொண்டார்களாம். நான் பிறந்தேன், பிறகு சண்டைக் காலம், அந்தப் பயணம் நடக்கவே இல்லை. இப்போது வாப்பாவும் இல்லை. உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். எப்போது போனால் நல்லது? இறைநேசர் பெயரில் உள்ள தர்ஹாவுக்குப் போவதே கூடாது என்கிறான் தம்பி. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பலாங்கொடை நானா:
வ அலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. கட்டாயம் கூட்டி வாருங்கள். நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன்.

பாதை லேசு. உங்கள் ஊரைத் தொட்டுப் போகும் ஏ4 வீதிதான் பொத்துவில், மொனராகலை, வெல்லவாய, பெரகலை என்று சுற்றி பலாங்கொடைக்கு வருகிறது. அங்கிருந்து கல்தோட்டை வீதியில் இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. மலை இருக்கும் இடத்துக்குக் கூரகல என்று பெயர், அப்படிக் கேட்டால் எல்லோரும் காட்டுவார்கள். ஒரே நாளில் வந்து திரும்ப நினைக்காதீர்கள், உம்மா களைத்துப்போவார். பலாங்கொடையில் இரவு தங்கிக் காலையில் ஏறுங்கள்.

கந்தூரி ரபீஉல் ஆகிர் மாதத்தில். பிறை கண்டு கொடியேற்றினால் நாள்தோறும் மௌலூத் என்ற புகழ்ப்பாடல் ஓதுவார்கள். மலைக்குப் பெயர் தந்த இறைநேசர் கௌதுல் அஃலம் முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்கள் 1166இல் பகுதாதில் வபாத்தாகி அங்கேயே அடக்கமானவர்கள். பாவா ஆதம் மலையை, அதாவது சிவனொளிபாத மலையைத் தரிசிக்க வந்தபோது இந்தக் குகையில் தங்கித் தவம் இருந்தார்கள் என்பது எங்கள் முன்னோர் சொல்லிவந்தது. அதனால்தான் அடக்கம் இல்லாத இடத்துக்கு இத்தனை சனம் வந்தது. இங்கே பள்ளிவாசல் கட்டியது 1922இல்.

சின்ன வயதில் கந்தூரிக்கு முதல்நாளே போய்விடுவோம். பாறைக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கை. இரவில் பாவாமார் என்ற பக்கீர்கள் றபான் பறை அடித்து ரிபாயி ராத்திபு என்ற திக்ர் ஓதுவார்கள். தங்கள் உடம்பையே கத்தியால் குத்திக்கொள்ளும் வெட்டுக்குத்து தொடங்கியதும் என் உம்மம்மா முந்தானையால் என் கண்ணை மூடிவிடுவார். நான் சீலைக்குள்ளால் பார்த்துக்கொண்டே இருப்பேன். விடிந்தால் பெரிய கிடாரங்களில் கந்தூரிச் சோறு. காத்தான்குடியிலிருந்து வந்தவர்களும் கண்டியிலிருந்து வந்தவர்களும் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டதை மறக்க முடியாது. கிழக்கு மாகாணத்துப் பேச்சை நான் முதல்முதல் கேட்டது அந்த சஹனில்தான்.

ஆனால் உம்மாவைக் கந்தூரி நெரிசலில் கூட்டி வராதீர்கள். சாதாரண கிழமை நாளில் வெயிலுக்கு முன்னே வாருங்கள். பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுது, ஃபாத்திஹா ஓதி, மலை விளிம்புக்குப் போகாமல் தள்ளி உட்காரவையுங்கள். கீழே கல்தோட்டைச் சமவெளி முழுதும் தெரியும்.

அப்புறம் ஒன்று. அது தொல்லியல் பாதுகாப்பு இடம். பிராமி எழுத்துக் குகைகள் உண்டு, ஆதிமனிதன் எலும்பும் கிடைத்திருக்கிறது. பௌத்த யாத்திரிகர்களும் திரளாக வருகிறார்கள், 2022 அரச வெசாக் விழாவே அங்கே நடந்தது. கல்லில் எண்ணெய் பூசுவது, விளக்கு வைப்பது வேண்டாம். வருமுன் பள்ளி நிர்வாகத்தாரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

மாவனல்லை றிஸ்வி:
நானா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். சுரங்கம் என்று ஒரு பாறை இடுக்கு உண்டு. பகுதாதுக்கு வழி என்பார் சிலர், மக்காவுக்கு என்பார் சிலர். பதினாறு வயதில் நானும் மச்சானும் ஏறினோம், கால் நடுங்கிவிட்டது. உம்மா ஆசைப்பட்டாலும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அக்குறணை வாசகன்:
தங்கச்சி, உங்கள் தம்பி பக்கம்தான் நானும். கேட்பதை அல்லாஹ்விடம் மட்டும் கேட்க வேண்டும். அவுலியாக்களிடம், அதாவது இறைநேசர்களிடம், கேட்பதற்கென்று பயணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மனம் நோகச் சொல்லவில்லை.

பலாங்கொடை நானா:
தம்பி சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். என் வாப்பா அங்கே நின்று கேட்டதெல்லாம் அல்லாஹ்விடம்தான், அந்த இறைநேசர் வலியுல்லாஹ் பொருட்டால் என்று ஒரு சொல் சேர்ப்பார், அவ்வளவுதான். இந்தத் தாய் நாற்பத்தைந்து வருசத்துக்கு மேலாக ஒரு வாக்கைச் சுமந்திருக்கிறார். அதை இறக்கிவைக்கப் பிள்ளை கூடப் போகட்டும். தங்கச்சி, உம்மாவிடமே கேளுங்கள், அங்கே போய் என்ன செய்யப்போகிறார் என்று.

சாய்ந்தமருது மகள்:
கேட்டேன் நானா. "ஒன்றும் கேட்க இல்லை மகள். உங்க வாப்பா என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். அந்தக் கல்லில் கொஞ்சம் இருந்துவிட்டு வரணும்" என்றார். தம்பி பக்கத்தில்தான் இருந்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. வேன் தான் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அடுத்த மாதம் வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.