பக்கம் திருப்பும்போது ஈ-இங்க் திரை கறுத்து வெளுப்பது ஏன்?

கேள்வி: பசுமலை வாசகர்

என் தந்தையார் படிப்பதற்காகப் கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவி ஒன்றைப் பழையதாக மதுரையில் வாங்கினேன். ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பும்போதும் திரை முழுவதும் ஒரு கணம் கறுத்து, வெளுத்து, அதன் பிறகே எழுத்துகள் வந்தன. கண்ணை உறுத்துகிறது என்று அவர் சொன்னதால், அமைப்புகளில் ‘பேஜ் ரிஃப்ரெஷ்’ என்பதை அணைத்துவிட்டேன். இப்போது கறுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் முந்தைய பக்கத்தின் சாயல் சாம்பல் நிறத்தில் தங்கிவிடுகிறது. பழைய எழுத்தின் துணுக்கு ஒன்று புதிய எழுத்தின் தலைமேல் விழுந்துவிட்டால் அது புள்ளியாகவே தெரிவதால், ‘பல’ என்பதைப் ‘பல்’ என்று வாசித்துத் தடுமாறுகிறார். திரை பழுதடைந்துவிட்டதா? கறுத்து வெளுப்பதால் பேட்டரியும் திரையின் ஆயுளும் குறையுமா?

பதில்: வைகைக்கரை

பழுது என்று தோன்றவில்லை, ஐயா. ஈ-இங்க் எனப்படும் இவ்வகைத் திரையில், தலைமுடிப் பருமனே உள்ள நுண்ணிய உறைகளுக்குள், தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்துடன் மிதக்கின்றன. வெள்ளைக்குப் பயன்படுவது டைட்டானியம் டை ஆக்சைடு. மின்னழுத்தத்தின் திசையைப் பொறுத்து ஏதோ ஒரு நிறம் மேலே வருகிறது. மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. பேட்டரி முற்றிலும் தீர்ந்த பின்னும் கடைசிப் படம் திரையில் இருப்பது இதனால்தான்.

சிக்கல் இடைப்பட்ட சாம்பல் நிறங்களில் இருக்கிறது. கறுப்பு முதல் வெள்ளை வரை 16 படிநிலைகளைக் காட்டுவதற்கு, துகள்களைக் கணக்கிட்ட நேரம் மட்டும் தள்ளிப் பாதி வழியில் நிறுத்த வேண்டும். அவை உண்மையில் எங்கே நின்றன என்பதைத் திரை அளந்து பார்ப்பதில்லை. முன்பு இருந்த நிறம், இனி வரவேண்டிய நிறம் ஆகிய இரண்டையும் வைத்து அட்டவணையிலிருந்து மின்துடிப்பைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே சிறு பிழைகள் பக்கத்துக்குப் பக்கம் சேர்ந்து, ஒரே பூச்சுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் பழைய கட்சி விளம்பரம் தெரிவதைப் போல, முந்தைய எழுத்து எட்டிப் பார்க்கிறது. முழுத் திரையையும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் விரட்டுவது, எல்லாத் துகள்களையும் தெரிந்த ஓர் இடத்துக்குக் கொண்டுவந்து கணக்கைப் புதிதாகத் தொடங்குவதற்காகவே. இதற்கு ஏறத்தாழ அரை வினாடி பிடிக்கிறது.

திரையின் ஆயுளைப் பற்றிய கவலை வேண்டாம். ஒரே திசையில் மின்னேற்றம் தேங்கினால்தான் திரைக்குக் கேடு. இரு திசைகளிலும் சமமாகத் தள்ளும்படியே மின்துடிப்புகளை வடிவமைக்கிறார்கள். முழுப் புதுப்பிப்புக்கு மின்சாரம் சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் முன்விளக்கும் வைஃபையும் தின்பதைப் பார்த்தால் அது பெரிதன்று.

பதில்: உசிலம்பட்டியான்

அவர் எந்த வகைக் கோப்பைப் படிக்கிறார் என்பதையும் பாருங்கள். ஸ்கேன் செய்த பழைய நூலின் பிடிஎஃபில் தாளின் பழுப்புப் பின்னணி முழுவதும் சாம்பல் நிறமாக மாறுவதால், எழுத்து மட்டும் உள்ள கோப்பைவிடச் சாயல் அதிகமாகத் தங்கும். தமிழ் நூல்களை இலவச மின்னூல்களாக வெளியிடும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் பெரும்பாலும் படமாக இல்லாமல் எழுத்தாகவே இருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. எழுத்தையும் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். புதுப்பிப்பைப் பொறுத்தவரை, எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை என்று கோபோ என்ற வேறொரு வாசிப்புக் கருவியில் தேர்ந்தெடுக்க முடியும். கிண்டிலிலோ ஒவ்வொரு பக்கத்துக்கும் வேண்டுமா, வேண்டாமா என்ற ஒரே சுவிட்சுதான் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகியும் இதைக்கூடச் சேர்க்காதது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

பசுமலை வாசகர்

இருவருக்கும் நன்றி. அவர் படிப்பது பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்தான். அவற்றுக்கு மட்டும் சுவிட்சைப் போட்டு வைக்கிறேன். அடுத்த மாதம் கொடைக்கானலில் சில நாள்கள் தங்கப்போகிறார். குளிரில் கருவிக்கு ஏதேனும் ஆகுமா?

பதில்: வைகைக்கரை

கெட்டுவிடாது. குளிர்ந்தால் உறைக்குள் உள்ள திரவம் தடித்துத் துகள்கள் மெதுவாக நகரும். கருவி வெப்பநிலையை அறிந்து அதற்கேற்ற நீண்ட மின்துடிப்புகளைக் கொடுக்கும். எனவே அதிகாலைக் குளிரில் பக்கம் மாறத் தாமதமாகலாம். அப்போது பொறுமையிழந்து திரையை மீண்டும் மீண்டும் தட்ட வேண்டாம் என்று தந்தையாரிடம் சொல்லி வையுங்கள். தட்டியவை எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று பக்கங்களைத் தாண்டிவிடும்.