நாபோத்துக்கு நியாயம் கிடைத்ததா?

கேள்வி (வேதமாணவி):
எங்கள் வேதபாட வகுப்பில் 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தைப் படித்தோம். யெஸ்ரயேல் ஊரில் இஸ்ரவேலின் ராஜாவாகிய ஆகாபின் அரமனையை அடுத்திருந்த திராட்சத்தோட்டம் தன் பிதாக்களின் சுதந்தரம் (வழிவழியாய் வந்த சொத்து) என்பதால் நாபோத் அதை அவனுக்கு விற்க மறுக்கிறான். ராஜாவின் மனைவி யேசபேல் ஆகாபின் பெயரால் நிருபம் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு அனுப்ப, ஊர் மூப்பர்கள் இரண்டு பொய்ச்சாட்சிகளை நிறுத்தி அவனைக் கல்லெறிந்து கொல்விக்கிறார்கள். தீர்க்கதரிசி எலியா தண்டனையை அறிவித்ததும் ஆகாப் துக்கத்தின் அடையாளமாக இரட்டு உடுத்தி உபவாசம் பண்ண, அந்தப் பொல்லாப்பு அவன் நாளில் அல்ல, அவன் குமாரன் நாளில் வரும் என்று கர்த்தர் சொல்கிறார். கொன்றவனுக்குத் தவணை கிடைத்தது. கொல்லப்பட்டவனுக்கு என்ன கிடைத்தது? ஒடுக்கப்படுகிற யாவருக்கும் கர்த்தர் நியாயம் செய்கிறார் என்ற 103ஆம் சங்கீதத்தை இவ்விடத்தில் எப்படி நம்புவது?

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
சகோதரி, தள்ளிவைக்கப்பட்டது ஆகாபின் வீட்டுக்கு வரவிருந்த அழிவுதான். அவனே அடுத்த அதிகாரத்தில் ராமோத் போரில் அம்புபட்டுச் சாகிறான், நாய்கள் அவன் இரத்தத்தை நக்குகின்றன. அவன் குமாரர் அகசியா 2 ஆண்டும் யோராம் 12 ஆண்டும் ஆண்ட பிறகு, யோராமைக் கொன்ற படைத்தலைவன் யெகூவின் சொற்படி அவன் உடல் அதே நாபோத்தின் நிலத்தில் எறியப்படுகிறது.

ஆனால் என்னை அதிகமாய் அசைத்தது 2 இராஜாக்கள் 9:26. நாபோத்தின் இரத்தத்தை மட்டுமல்ல, அவன் குமாரரின் இரத்தத்தையும் கண்டேன் என்று கர்த்தர் அங்கே சொல்கிறார். 21ஆம் அதிகாரத்தில் குமாரரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! வாரிசுகளும் கொல்லப்பட்டதால்தான் தோட்டத்தைக் கேட்டு வர எவரும் இல்லாமல் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். யேசபேலுக்குப் போன செய்தி, நாபோத் செத்தான் என்பதோடு முடிந்துவிட்டது. அதில் இடம்பெறாத பிள்ளைகளைக் கர்த்தர் மறக்கவில்லை. என் நம்பிக்கை அங்கேதான் வேர்பிடிக்கிறது.

மறுமொழி (கிராமத்து ஊழியர்):
ஐயா சொன்னதை ஏற்கிறேன்; ஆயினும் யெகூவின் வாளையே கர்த்தருடைய நீதி என்று நாம் முடித்துவிடக்கூடாது. யெஸ்ரயேலில் சிந்தின இரத்தத்திற்காக யெகூவின் வம்சத்தாரையே விசாரிப்பேன் என்று ஓசியா 1:4 சொல்கிறது. பழிவாங்கியவனும் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

சகோதரி, மூப்பர்களைச் சற்றுக் கவனியுங்கள். சாட்சி பொய்யா என்று நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்க வேண்டும் என்ற கட்டளை உபாகமம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கர்த்தருடைய நியாயம் முதலில் அவர்கள் கையில்தான் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர்களோ விசாரணைக்குப் பதிலாக உபவாசத்தைக் கூறி, வேலை முடிந்ததும் யேசபேலுக்குச் செய்தி அனுப்பினார்கள். நிலத்தை இழந்து நிற்கிறவர்களிடம் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடும் நம் சபை மூப்பர்கள் இந்தப் பகுதியை நடுக்கத்தோடு வாசிக்க வேண்டும். எலியா அப்படிச் சொல்லி ஒதுங்கவில்லை. தோட்டத்திற்கே போய், ராஜாவின் முகத்திற்கு எதிரே குற்றத்தைக் கொலை என்றும் அபகரிப்பு என்றும் கூறினான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. குமாரரைப் பற்றிய வசனத்தை நான் கவனித்ததே இல்லை. இருந்தாலும் நாபோத் உயிரோடு எதையும் காணவில்லை என்பது என் மனதைவிட்டு நீங்கவில்லை.

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
நீங்க வேண்டியதும் இல்லை, சகோதரி. வெளிப்படுத்தின விசேஷம் 6ஆம் அதிகாரத்தில், கொல்லப்பட்டவர்கள் பலிபீடத்தின் கீழிருந்து, எதுவரைக்கும் எங்கள் இரத்தத்திற்காகப் பழிவாங்காதிருப்பீர் என்று மகா சத்தமாய்க் கேட்கிறார்கள். கர்த்தர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. வெள்ளை அங்கிகளைக் கொடுத்து, இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறச் சொல்கிறார். உயிர்த்தெழுதல் இல்லையென்றால் நாபோத்தின் வழக்கு தீர்ந்தது என்று என்னாலும் சொல்ல முடியாது. அது உண்டென்று விசுவாசிப்பதால், உங்கள் கேள்வியைக் கர்த்தரிடமே தொடர்ந்து கேளுங்கள் என்கிறேன்.